வெள்ளை நாய்க்கு வெயில் ஆகாது

ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பகல் 12 மணிக்கு நின்று பார்த்தால், நிழலின் அருமை தெரியும். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய பண்டகசாலைகள். அவற்றுக்குப் பின்னால் காயல். முன்னால் குறுகிய ரோடு. லாரியில் இருந்து மூட்டை இறக்கும் தொழிலாளி, தலையில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்குகிறார். குமாஸ்தா குடையை விரிக்கிறார். ஆடுகள்கூடக் கடை வாசலில் கூரை நிழலைத் தேடிப் படுத்துவிடுகின்றன.

கட்டிப் போட்ட நாய் மட்டும் எங்கும் போக முடியாது.

காலையில் நிழலாக இருக்கிறதே என்று கம்பிக் கதவு ஓரத்தில் கட்டியிருப்பார்கள். 10 மணிக்கு நிழல் நகர்ந்துவிடும். சங்கிலியின் நீளம் 4 அடி. நிழல் இருப்பதோ 8 அடி தூரத்தில். கட்டியவர் வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவர் திரும்பி வரும்வரை நாய் வெயிலில்தான் கிடக்கும்.

கறுப்பு நாயாக இருந்தால் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கும். அதுவும் வேதனைதான். ஆனால் அந்த நாய், ஊரில் இருந்து ஆசையாகக் கொண்டு வந்த வெள்ளை ராஜபாளையமாக இருந்தால், இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். அது நாயின் மூக்கு நுனியில் தொடங்குகிறது.

ரோஜா நிற மூக்கு

விருதுநகர் மாவட்டம் ராஜபாளையத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் நாய் இனத்தைப் பற்றித் தமிழனுக்கு விளக்க வேண்டியது இல்லை. பாளையக்காரர் காலத்தில் காட்டுப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாய். பால் போன்ற வெள்ளை உடம்பு. பொன் நிறக் கண்கள். இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியத் தபால் இலாகா நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால் தலைகள் வெளியிட்டபோது, அவற்றில் ராஜபாளையம் நாயும் இடம் பெற்றது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களும் வந்தன. அதன்பிறகு நாட்டு நாய் மீது பலருக்கும் ஆசை பிறந்திருக்கிறது. மலையாளிகள் இடையிலும் அந்த ஆசை உண்டு.

மலையாளத்தில் நாயைப் பட்டி என்பார்கள். உசிலம்பட்டிக்காரரும் கோவில்பட்டிக்காரரும் கொச்சிக்கு வந்த புதிதில் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டது பழைய கதை. அதே ஊர்க்காரர்கள்தான் இன்று நல்ல ‘பட்டி’ எங்கே கிடைக்கும் என்று வழி சொல்கிறார்கள்.

ராஜபாளையம் நாய்க்கு அழகே அந்த ரோஜா நிற மூக்குதான் என்று சொல்லுவார்கள். மூக்கு கறுத்திருந்தால் ‘கலப்பு’ என்று தள்ளிவிடுவார்கள். ஒரே ஈற்றில் வெள்ளையோடு கறுப்பும் புள்ளியுமாகக் குட்டிகள் பிறப்பது உண்டு. தூய வெள்ளைதான் வேண்டும் என்பதற்காக நிறமுள்ள குட்டிகளைப் பிறந்த உடனே கொன்றுவிடும் வழக்கமும் முன்பு இருந்தது. தலைமுறை தலைமுறையாக இப்படி வெள்ளையை மட்டுமே தேர்ந்தெடுத்ததால், உடம்புக்கு நிறம் தரும் சக்தி இந்த இனத்தில் குறைந்துபோனது.

அழகுக்கு மனிதன் கேட்டது வெள்ளை. அதற்கு விலை கொடுப்பது நாய்.

கறுப்பு என்பது குடை

நம் தோலிலும் நாயின் தோலிலும் மெலனின் என்ற கறுப்புச் சாயம் இருக்கிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவை தோலின் உயிரணுக்களைச் சேதப்படுத்தக் கூடியவை. மெலனின் அந்தக் கதிர்களைத் தானே வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் அணுக்களைக் காப்பாற்றுகிறது. வெயிலில் வேலை செய்கிறவர் கறுத்துப்போவது உடம்பு தனக்குத்தானே குடை பிடித்துக்கொள்வதுதான்.

நாயின் உடம்பு முழுதும் முடி இருக்கிறது. அது கூரை மாதிரி. மூக்கு நுனியில் மட்டும் முடி கிடையாது. அதனால்தான் பெரும்பாலான நாய்களுக்கு இயற்கை மூக்கைக் கறுப்பாகப் படைத்திருக்கிறது. கோம்பை நாயின் கறுத்த முகத்தையும், கன்னி நாயின் கறுப்பையும் பார்த்தால் இது புரியும்.

ராஜபாளையத்தின் மூக்கில் முடியும் இல்லை, கறுப்பும் இல்லை. கூரையும் குடையும் இல்லாத இடம் அது. கண் இமை ஓரம், காது நுனி, அடி வயிறு, தொடை இடுக்கு ஆகியவையும் அப்படியே. அங்கெல்லாம் முடி மெலிந்து, தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

கொச்சி வேளியில் உள்ள தோபி கானாவைப் பார்த்தவர்களுக்கு வெயிலின் வேலை நன்றாகத் தெரியும். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே தொழில் செய்கிறார்கள். 1976-ம் ஆண்டு கட்டப்பட்ட அந்தத் துறையில், கொடியில் காயும் வெள்ளைத் துணியை வெயில் இன்னும் வெளுப்பாக்குகிறது. பக்கத்தில் நிற்கும் மனிதனின் முதுகைக் கறுப்பாக்குகிறது. வெள்ளை நாயின் மூக்கு வெளுக்கவும் முடியாது, கறுக்கவும் முடியாது. அது வெந்துபோகும்.

கொச்சி வெயில்

“ராஜபாளையத்தில் இல்லாத வெயிலா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊரில் இந்த நாய்கள் பலவும் மர நிழலிலும் திண்ணையிலும் அவிழ்த்துவிட்ட நிலையில் கிடக்கும். வேண்டியபோது எழுந்து இடம் மாறிக்கொள்ளும். பட்டணத்தில் சிமெண்டு முற்றமும் தகரக் கூரையும் சங்கிலியும்தான் மிச்சம்.

கொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மாத நடுவிலும் ஆகஸ்டு மாதக் கடைசியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் இங்கே தலைக்கு நேர் மேலே வரும். அந்த நாட்களில் நம் நிழல் நம் காலடியிலேயே விழும். சுவர் ஓரத்திலும் நிழல் இருக்காது.

ஆகஸ்டு மாதம் மழைக் காலமாயிற்றே என்று நினைக்க வேண்டாம். மேகம் சூட்டைக் குறைத்துக் காட்டும். புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி மெல்லிய மேகத்தின் ஊடே வந்துவிடும். தண்ணீரிலும் வெள்ளைச் சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் பட்டுத் திரும்பியும் தாக்கும். மல்லாந்து படுக்கும் நாயின் அடி வயிறு சிவந்துபோவது இப்படித்தான்.

கேரளத்தில் இந்தக் கதிரை அரசாங்கமே அளந்து சொல்கிறது. 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டங்களில் பதிவான அளவைச் சொல்லி எச்சரிக்கை விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அளவு 3-க்கு மேல் போனாலே பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம். 11-ம் அதற்கு மேலும் அபாயம். இது மனிதனுக்குச் சொன்ன கணக்கு. முடியும் சாயமும் இல்லாத மூக்குக்கு என்ன கணக்கு என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

மூக்கு போனால் என்ன போகும்?

மனிதனுக்குக் கண் எப்படியோ, நாய்க்கு மூக்கு அப்படி. நம் மூக்கில் வாசனை அறியும் அணுக்கள் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு அவை 20 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூக்கு நுனியின் ஈரம் காற்றில் வரும் வாசனைத் துகள்களைப் பிடித்து வைக்க உதவுகிறது. அந்த நுனி சூட்டையும் அறியும். தூரத்தில் இருந்து வரும் மிக லேசான வெப்பத்தைக்கூட நாய் மூக்கால் உணர்கிறது என்று சுவீடன், ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் ஆண்டு கண்டு சொன்னார்கள்.

அதே 2020-ம் ஆண்டில்தான், இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாத ஒரு நாட்டு நாய் தன் மூக்கின் சக்தியைக் காட்டியது. ஆகஸ்டு 6-ந் தேதி இரவு மூணாறு ராஜமலை பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மீட்புக் குழுவினர் நாள் கணக்கில் தேடிக்கொண்டிருந்தபோது, குவி என்ற நாய் ஆற்றோரத்தில் ஓர் இடத்தை விட்டு நகராமல் நின்றது. அங்கே தேடினார்கள். அது நேசித்த வீட்டின் 2 வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. குவியைப் பிறகு போலீஸ் நாய்ப் படையினர் எடுத்துப் பராமரித்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியவர்கள் குழந்தையை ஒருமுறை பார்த்து அடக்கம் செய்ய முடிந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு நாயின் மூக்கு.

ராஜபாளையம் நாய் விஷயத்தில் மூக்கின் மதிப்பு இன்னும் ஒரு படி அதிகம். நிறம் இல்லாத வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. ராஜபாளையம் குட்டிகளிலும் இது காணப்படுகிறது. கூப்பிட்டால் வராத குட்டியை ‘திமிர் பிடித்தது’ என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். காது கேட்காத நாய்க்குக் கண்ணும் மூக்கும்தான் உலகம். எஜமான் படி ஏறுகிறார் என்பதை அது காலடிச் சத்தத்தில் அறிவது இல்லை. வாசனையில் அறிகிறது.

வாசனை அறியும் சவ்வு மூக்கின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. வெயில் நேராக அதைத் தொடாது. ஆனால் வெளி நுனி வெடித்துப் பொருக்குத் தட்டினால், நாய் முகர்வதற்கே பயப்படும். புண் முற்றினால் மூக்கின் நுனியையே வெட்டி எடுக்க வேண்டிய நிலையும் வரலாம்.

எப்படி ஆரம்பிக்கும்?

“எங்கேயோ போய் மூக்கை இடிச்சிட்டு வந்திருக்கு, டாக்டர் சார்.” வெயில் புண்ணோடு வரும் நாயைப் பற்றி வீட்டுக்காரர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். இடித்த காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். வெயில் புண் ஆறாது. ஆறியது போல் காட்டி மறுபடி வரும்.

முதலில் மூக்கு நுனியும், அதற்கு மேலே முடி தொடங்கும் இடமும் வழக்கத்தைவிடச் சிவக்கும். தொட்டால் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடுத்து, பொடுகு மாதிரி தோல் உரியும். அங்கே இருக்கும் கொஞ்ச முடியும் உதிரும். பிறகு வெடிப்பும் பொருக்கும். நாய் நக்கி நக்கிப் பொருக்கைப் பெயர்த்துவிடும். ரத்தம் கசியும்.

இந்த நிலையிலேயே வெயிலைத் தடுத்தால் பெரும்பாலும் தோல் தேறிவிடும். தடுக்காமல் வருடக் கணக்கில் விட்டால், சேதமான அணுக்கள் கட்டுப்பாடு இழந்து பெருகத் தொடங்கலாம். அதுதான் தோல் புற்று. வெள்ளைப் பூனைகளின் காதிலும் மூக்கிலும் இது அடிக்கடி வரும். நாயின் மூக்கில் அவ்வளவு அதிகம் இல்லை. ஆனாலும் வருவது உண்டு. 2 அல்லது 3 வாரத்தில் ஆறாத புண், சின்ன மிளகு அளவு இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் வெட்டி எடுத்து நாயைக் காப்பாற்ற வழி உண்டு.

மூக்கில் வரும் எல்லாப் புண்ணும் வெயில் புண் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பூஞ்சைக் காளான், சொறி, கம்பிக் கதவில் ஓயாமல் மூக்கை உரசுவது ஆகியவற்றாலும் புண் வரும். இன்னொரு நோய் கறுப்பு மூக்கு நாய்களுக்கும் வருவது. கரடுமுரடாக இருக்க வேண்டிய மூக்கு வழவழப்பாகும். கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். பிறகு புண்ணாகும். அல்சேஷன், கோலி போன்ற நாய்களில் இது அதிகம். முன்பெல்லாம் வெயிலே இதற்குக் காரணம் என்று எண்ணி ‘கோலி மூக்கு’ என்று பேர் வைத்திருந்தார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வரும் லூப்பஸ் என்ற நோய் அது என்று பிற்பாடு தெரிந்தது. வெயில் அதைக் கிளறி விடுகிறது. ஆக, நோய் எதுவாக இருந்தாலும் நிழல் தேவை. மருந்தை மட்டும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

அன்பினால் செய்யும் தவறுகளே இதில் அதிகம்.

நமக்கு வேர்க்குரு வந்தால் காலமைன் லோஷன் தடவுகிறோம். நாயின் சிவந்த மூக்கிலும் அதைத் தடவத் தோன்றும். தடவக் கூடாது. அதில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. குழந்தைகளின் இடுப்புப் புண்ணுக்குத் தடவும் வெள்ளைக் களிம்புகளிலும், மனிதர் பூசும் வெயில் தடுப்புக் களிம்புகள் பலவற்றிலும் அது உண்டு. நாயின் மூக்கில் எதைத் தடவினாலும் அடுத்த நிமிஷம் அது நாக்கால் நக்கி விழுங்கிவிடும். துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும். அளவு அதிகமானால் ரத்தத்தின் சிவப்பு அணுக்களே சிதையும். ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்து போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. டாக்டரிடம் ஓட வேண்டும்.

மனிதர்களின் வெயில் களிம்புகளில் சேரும் சாலிசிலேட் என்ற மருந்துப் பொருளும் ஆகாது. பூனைக்கு அது இன்னும் பெரிய விஷம்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்பார்கள். உலர்ந்த மூக்கு கொஞ்சம் மிருதுவாகும். வெயிலைத் தடுக்கும் சக்தி அதற்குப் போதாது. எண்ணெய் தடவிவிட்டோம் என்ற தைரியத்தில் வெயிலில் கட்டுவதுதான் ஆபத்து. மஞ்சளும் அப்படியே. பட்டறையில் கழித்துப் போட்ட இன்ஜின் ஆயிலைச் சொறிக்கும் புண்ணுக்கும் பூசும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது விஷம். மண்ணெண்ணெயும் விஷமே.

மூக்கில் கறுப்புப் பச்சை குத்துவதை மேல் நாடுகளில் ஒரு காலத்தில் செய்து பார்த்தார்கள். ஊசி ஏற்றும் சாயம் தோலின் அடியில் நிற்கிறது. கதிர் மேல் தோலைத்தான் முதலில் தாக்குகிறது. அதனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியவை

முதல் மருந்து நிழல். அதற்குக் காசு வேண்டியது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது, நாயைக் கட்டும் இடத்தைக் காலை 9 மணி, 11 மணி, பகல் 1 மணி, 3 மணி என்று நாலு முறை பார்க்க வேண்டும். நாலு முறையும் நிழல் இருக்கும் இடமே கட்டுவதற்கு ஏற்ற இடம். அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் தென்னங்கீற்றோ பழைய தார்ப்பாயோ கட்டிப் பந்தல் போடலாம். தகரத்துக்கு அடியில் மட்டும் கட்டக் கூடாது. அங்கே கதிர் வராது. ஆனால் அனல் இறங்கும்.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெள்ளை நாய்க்கு வெளியே வேலை இல்லை. உலா போவது காலை 8 மணிக்கு முன்பும், மாலை 5 மணிக்குப் பிறகும். ரோட்டில் புறங்கையை வைத்து 5 விநாடி தாங்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் தாங்காது.

சில நாய்கள் தாமாகவே வெயிலில் போய்ப் படுக்கும். வெயில் காய்வது நாய்க்குச் சுகம். “அதுவாகத்தானே போய்ப் படுக்கிறது” என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர் ஜிலேபி கேட்பது மாதிரிதான் அது.

வெளியே அழைத்துப் போயே தீர வேண்டும் என்றால், நாய்களுக்கென்றே தயாரிக்கும் வெயில் தடுப்புக் களிம்பு கிடைக்கிறது. துத்தநாகம் இல்லாததா, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளதா என்று டாக்டரைக் கேட்டு வாங்க வேண்டும். மூக்கிலும் காது நுனியிலும் மெல்லியதாகத் தடவி, 10, 15 நிமிஷம் நாயை நக்கவிடாமல் விளையாட்டுக் காட்ட வேண்டும். சில மணி நேரத்துக்குப் பிறகு மறுபடியும் தடவ வேண்டும்.

குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் ஆரோக்கியம் என்பது பாதி உண்மைதான். தூங்கி எழுந்த நாயின் மூக்கு உலர்ந்தே இருக்கும். பார்க்க வேண்டியது நிறமும் புண்ணும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் மூக்கைத் துடைத்து, காது நுனியையும் அடி வயிற்றையும் கூடவே பார்த்துவிட்டால் போதும்.

குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குட்டிகளில் பலவற்றுக்கு மூக்கு சிவப்பாகத்தான் இருக்கும். சில வாரத்தில் கறுக்கும். ராஜபாளையத்துக்குக் கறுக்காது. வீட்டுக்குள் வைத்து வளர்க்க இடம் உள்ளவர்கள் அதை வாங்கலாம். திறந்தவெளிக் காவலுக்கு நாய் தேடுகிறவர்களுக்குக் கோம்பை, கன்னி போன்ற கறுத்த மூக்கு நாட்டு நாய்களே ஏற்றவை.

டாக்டரிடம் சொல்லும்போது

கேரளத்தில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகள் எங்கும் உண்டு. ‘மிருகாசுபத்திரி’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. பெரிய சோதனைகளுக்கு அங்கே அனுப்புவது உண்டு.

‘முறிவு’ என்று டாக்டர் சொன்னால் பதற வேண்டாம். நமக்கு முறிவு என்றால் எலும்பு முறிவு. மலையாளத்தில் முறிவு என்றால் புண், காயம். மூக்கில் முறிவு என்று அவர் எழுதினால், மூக்கு ஒடிந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. புண் எத்தனை நாளாக இருக்கிறது, நாயைக் கட்டும் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, வீட்டில் என்ன தடவினீர்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இதில் வாய் திறந்திருக்கிறது. நியாயம் இல்லாத குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப் போடுவதும், போதிய தீனி, தண்ணீர், இருப்பிடம் தராமல் விடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அபராதத்துக்குப் பயந்து யாரும் நாயைக் காப்பாற்றப் போவது இல்லை.

ஆனால் இன்னோர் உத்தரவு நினைவில் வைக்கத் தக்கது. வெயில் கடுமையாகும் மாதங்களில் கேரளத் தொழில் துறை ஆண்டுதோறும் ஓர் ஏற்பாடு செய்கிறது. வெயிலில் வேலை செய்யும் தொழிலாளிக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்பது அது. மூட்டை தூக்குபவரும் சாரத்தில் நிற்பவரும் அந்த மூன்று மணி நேரம் நிழலில் உட்காருகிறார்கள். நிழலுக்கு வந்தவுடன் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளும் சுகம் அவர்களுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் கிடப்பதும் ஒரு காவல் தொழிலாளிதான். அதற்குச் சங்கம் இல்லை. குரல் கொடுத்தாலும் ‘சும்மா குரைக்கிறது’ என்பார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சங்கிலியைக் கதவு ஓரத்தில் மாட்டாமல் கூரைக்கு உள்பக்கம் மாட்டிவிட்டு, சட்டியில் தண்ணீரை நிரப்பி வைத்துப் போனால், அந்த ஓய்வு அதற்கும் கிடைத்துவிடும். சாயங்காலம் படி ஏறும்போது வாலை ஆட்டி, கையை முகர்ந்து பார்க்க ஈரமான ஒரு மூக்கு காத்துக்கொண்டிருக்கும்.